இரண்டாம் தரம் கேட்காத ஊர்

வேணும் என்று சொல்லியிருந்தால் விஷயம் நேற்றே முடிந்திருக்கும். ஒரே ஒரு சொல். அப்படியான சொற்களைச் சொல்வதற்காகவே இந்த நாட்டு அரசாங்கம் அவளைப் பெரிய சன்னல்கள் வைத்த வகுப்பறையில் இருத்தி, சம்பளம் கொடுத்து ஆசிரியர் வைத்து, இடைவேளைக்குக் கோப்பியும் கொடுத்து நோர்வீஜிய மொழி படிப்பித்திருந்தது. வளர்ப்புச் சாமன் மீனின் செவுளில் வரும் நோய்களைப் பற்றிக்கூடத் தவமலரால் அந்த மொழியில் இப்போது பிழையில்லாமல் பேச முடியும். ஆனால் நேற்று மத்தியானம் மீன்நோய் ஆய்வுகூடத்தின் சாப்பாட்டு மேசையில், பகுதித் தலைவி சூல்வெய் தன் பாண்துண்டைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பார்த்து, “நாளையோடு உன் பயிற்சி முடிகிறது. நீ எங்களிடமே வேலையில் தொடர விரும்புகிறாயா?” என்று கேட்டபோது, வாயிலிருந்து வந்தது என்ன? “ஐயோ, இல்லை, பரவாயில்லை. உங்களுக்கு வீண் சிரமம்.” அதோடு ஒரு சிரிப்பு வேறு. கலியாண வீட்டில் இன்னுமொரு வடை வைக்க வருபவரை இலைக்கு மேல் கை விரித்துத் தடுக்கும்போது சிரிக்கிற அதே சிரிப்பு. சூல்வெய் பாண்துண்டைத் திரும்பக் கையில் எடுத்தாள். “அப்படியா? சரி. புரிகிறது,” என்றாள். என்ன புரிந்தது? எழுந்து போய்த் தன் குவளையைக் கழுவினாள், கோப்பி குடித்த குவளையை யாரும் அவ்வளவு நேரம் கழுவ மாட்டார்கள், எண்ணெய்ச் சட்டியைத்தான் அப்படிக் கழுவுவார்கள். அப்போதும் தவமலருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மத்தியானம் முழுவதும் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் உள்ளுக்குள் பாடிக்கொண்டுதான் இருந்தாள். கேட்டுவிட்டார்கள். கேட்டே விட்டார்கள். இனி இன்னொரு தரம் கேட்பார்கள், அப்போது கொஞ்சம் தயங்கலாம். மூன்றாம் தரம் கேட்கும்போது, சரி, நீங்கள் இவ்வளவு வற்புறுத்துகிறீர்கள் என்பதால், என்று தலையாட்டலாம். சூல்வெய் மூன்று மணிக்கு மழையங்கியை மாட்டிக்கொண்டு, “நாளை பார்ப்போம்,” என்று போய்விட்டாள். கையை மட்டும் ஆட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நாளை என்பது இதோ இந்த ட்ராம். பேர்கன் நகரின் மழை கண்ணாடியில் சரிந்து ஓடுகிறது, உள்ளே ஈரக் கம்பளி மணக்கிறது, ஒவ்வொரு இருக்கையிலும் ஒருவர் உட்கார்ந்து பக்கத்து இருக்கையில் தன் பையை உட்காரவைத்திருக்கிறார். தவமலர் தன் பையை மடியில் வைத்திருந்தாள். பைக்கும் ஒரு இருக்கை கேட்கிற அளவுக்கு அவள் இன்னும் இந்த ஊர்க்காரி ஆகவில்லை. நேற்றிரவு, இல்லை, அந்திதான், வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது, கணவன் நகுலேசன் பஸ் ஓட்டிவிட்டு வந்து சீருடையோடு குசினியில் நின்று கத்தரிக்காய்க் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தபோதுதான் அவள் நல்ல செய்தியாக அதைச் சொன்னாள். “இஞ்சேருங்கோ, சூல்வெய் இண்டைக்கு என்னைக் கேட்டவா, தொடந்து இருக்க விருப்பமோ எண்டு.” அவன் முகம் மலர்ந்தது. “பாத்தீரே! நான் சொன்னனான். நீர் என்ன சொன்னனீர்?” “வேண்டாம் எண்டனான்.” அகப்பை சட்டிக்குள் அப்படியே நின்றது. “என்னது?” “சும்மா ஒரு மரியாதைக்குத்தானே அப்பா. நாளைக்குத் திருப்பிக் கேப்பா.” “விசரே உமக்கு? இவங்கள் எப்ப திருப்பிக் கேட்டவங்கள்? நான் வடக்கை மீன் பக்டரியில நிண்ட முதல் நாள், தடிச்ச கையுறை வேணுமோ எண்டு ஒருத்தன் வந்து கேட்டவன். நானும் உம்மைப்போல ஒரு மகாராசா, வேண்டாம் எண்டன். பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க ஒருத்தன் கேட்டானோ? இந்த விரலைப் பாரும்!” அந்த விரலை அவள் கலியாணம் முடித்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள், நுனியில் உணர்ச்சி இல்லாத, நகம் கொஞ்சம் கோணிய சுண்டுவிரல். உலகத்தில் எதைப் பற்றிப் பேசினாலும், பெற்றோல் விலையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரோ, அந்த விரல் எப்படியாவது சாட்சிக்கு வந்துவிடும். “அப்ப இப்ப என்ன செய்யிறது?” “என்ன செய்யிறதோ? காலமை போன உடன, சப்பாத்துக் கழட்ட முன்னம் சொல்லும், எனக்கு வேலை வேணும் எண்டு.” “எப்பிடியப்பா வாய் கூசாமல் சொல்லுறது?” “கூசினபடியே சொல்லும்.” குழம்பு அடிப்பிடித்துப்போயிற்று. இருவரும் அதையே சாப்பிட்டார்கள். நடுவில் அவன் தன் பங்கில் கருகாத கத்தரிக்காயாகப் பார்த்துப் பொறுக்கி அவள் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தான், வேணுமா என்று கேட்கவில்லை.

அதுதான், கேட்காமல் வைத்துவிட வேண்டும், அதுதானே முறை. கேட்டால் மூன்று தரம் கேட்கவேண்டும். முதல் தரம் கேட்பது வாய்க்கு, இரண்டாம் தரம் ஊருக்கு, மூன்றாம் தரம் கேட்பதுதான் மனதுக்கு. இதை எந்தச் சாத்திரத்திலும் எழுதிவைக்கவில்லை, எழுதாமலே சைவரும் வேதக்காரரும் கிளிநொச்சியில் எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். தகப்பன் செல்லத்துரை ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகுமுன் வாசற் படலையில் வைத்து மூன்று பிள்ளைகளையும் நிறுத்திச் சொல்வார், “குடுத்த உடன ஆலாய்ப் பறந்து எடுக்கப்படாது, விளங்கிச்சோ? வீட்டில ஒண்டும் காணாததுகள் எண்டு நினைப்பினம்.” ஒருமுறை பெரிய மாமி கிறீம் பிஸ்கட் தட்டத்தை நீட்டினாள், வேண்டாம் மாமி என்றாள் தவமலர், நல்லபிள்ளைக் குரலில். மாமிக்கு அப்போது காது கொஞ்சம் மந்தம்; வேண்டாம் என்பது மட்டும் எப்படியோ கேட்டுவிட்டது, தட்டம் அப்படியே அலுமாரிக்குள் போய்விட்டது. அலுமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பிஸ்கட்டின் மஞ்சள் கிறீம் பிதுங்கிக்கொண்டிருந்ததை இப்போதும் கண்ணில் காண்கிறாள். வீடு திரும்பும் வழியெல்லாம் அழுதாள், அண்ணன் சிரித்தான். அது ஒரு விபத்து, அப்படித்தான் அன்று நினைத்தது, நூற்றில் ஒரு மாமி காது மந்தமாக இருப்பாள். முழு நாடே அப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நாடு காது மந்தம் இல்லை, பாவம், அது வேறு, அதற்குக் காது மிக நன்றாகக் கேட்கிறது, சொன்னதைச் சொன்னபடியே கேட்கிறது. அதுதான் பிரச்சினை.

நாடுகளைப் பற்றி யோசித்தால் அண்ணன் குகதாசனையும் அக்கா தவராணியையும் யோசிக்காமல் இருக்க முடியாது. பொருளியலாளர்கள் இதற்காகப் பெருந்தொகை செலவழித்து, புள்ளிவிவரம் சேர்த்து, பல நாட்டுக் குடியேறிகளை வரிசைப்படுத்தி, எந்த நாட்டுச் சட்டதிட்டம் எவரை எந்த வேலையில் கொண்டுபோய் வைக்கிறது என்று தடித்தடியாகப் புத்தகம் போடுகிறார்கள். எலிகளை வைத்துச் செய்ய முடியாத அந்தப் பரிசோதனையைச் செல்லத்துரை ஒரு சதம் உதவிப்பணம் வாங்காமல் தன் மூன்று பிள்ளைகளை வைத்தே செய்து முடித்துவிட்டுக் கண்ணை மூடினார். ஒரே வயிறு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே மூக்கு. ஒன்று கனடா, ஒன்று சுவிஸ், ஒன்று நோர்வே. மூன்று நாடும் மூன்று மாமியார் என்று தவமலர் ஒருநாள் தொலைபேசியில் சொல்ல, அக்கா அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தாள். கனடா மாமியார் மருமகள் வந்திறங்கிய அன்றே, அதோ குசினி, சமைத்தால் சாப்பிடு, சமைக்காவிட்டால் உன்பாடு என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அண்ணன் மறுநாளே பெட்டி தூக்கும் வேலைக்குப் போனான், இன்றைக்கு அவனுக்கு வீடு இருக்கிறது, கடன் இருக்கிறது, இரண்டு வேலை இருக்கிறது, அவன் கணித ஆசிரியன் என்பது அந்த நாட்டில் அவன் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. சுவிஸ் மாமியார் அக்காவை வாசலில் நிறுத்தி, உள்ளே வராதே, வெளியேயும் போகாதே, நிற்கிற நேரத்துக்கு இந்தச் சட்டிகளைக் கழுவு என்று தற்காலிக அனுமதி ஒன்றைக் கையில் கொடுத்தாள். வருடங்கள் போய், கதவைத் திறந்து பார்த்தால், அக்கா அந்தச் சமையலறைக்கே தலைமையாகி, அந்த மலைநாட்டுக் கொச்சையில் மாமியாரையே அதட்டிக்கொண்டிருந்தாள். நோர்வே மாமியாரோ தங்கமானவள். வா பிள்ளை, இரு பிள்ளை, காலை நீட்டு, இந்தா பழச்சாறு. இந்த வீட்டில் கரண்டியை எப்படிப் பிடிப்பது என்று முதலில் படி; பிறகு ஒரு கடையில் பழைய உடுப்பு மடித்துப் பயிற்சி எடு; பிறகு ஒரு பாலர் பாடசாலைக் குசினியில் கரட் சீவிப் பயிற்சி எடு. எல்லாம் அன்போடு. அடுப்பங்கரைக்குள் மட்டும் விடமாட்டாள். ஒரு மனுசியை வேலைக்குத் தயாராக்குகிற வேலையில் இந்த ஊரில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று தவமலர் சில வேளை வியப்பாள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அவளுக்குப் பொறுப்பான அலுவலர் பெந்தே, ஒவ்வொரு முறையும் தலையை ஒருபக்கம் சாய்த்து, “நீ நன்றாக முன்னேறுகிறாய்,” என்பாள். எதை நோக்கி என்பதை அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. கேட்டால் அவசரப்படுகிறாள் என்று நினைப்பார்களே. அண்ணன் சொன்னான், “இஞ்ச எங்களை ஒருத்தனும் வேணுமோ எண்டே கேக்கிறேல்லை மலர். உன்னைக் கேக்கிறதே பெரிய காரியம்.” கேட்டார்கள் அண்ணா. நேற்றுக் கேட்டார்கள். நான் சிரித்தேன்.

ட்ராம் ஒரு தரிப்பில் நின்றது. ஒரு வயதான பெண், மஞ்சள் மழையங்கி, கன்னம் சிவந்து, நேரே வந்து, “இங்கே யாரும் இருக்கிறார்களா?” என்றாள். “இல்லை, இருங்கள்.” பக்கத்து இருக்கைக்காரர் பேசுவது இந்த ஊரில் சூரியகிரகணம்போல அபூர்வம், ஆனால் இந்தப் பெண் நோர்வேயின் வடக்குப் பக்கத்துக்காரி போலிருந்தது, குரல் பாடுவதுபோல மேலும் கீழும் போயிற்று. மடியில் ஒரு கடதாசிப் பை வைத்திருந்தாள், அதைத் திறந்ததும் ஏலக்காய் மணம் எழுந்தது, சுடச்சுடப் பணிஸ், வட்டமான இனிப்புப் பாண், ட்ராம் பெட்டி முழுவதும் ஒரு கணம் தைப்பொங்கலாகிவிட்டது. தவமலர் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. அந்தப் பெண் பையை அவள் பக்கம் சரித்து, “எடுக்கிறாயா?” என்று கேட்டாள். “இல்லை, நன்றி!” சொன்னது யார்? அவள் சொல்லவில்லை. இரவெல்லாம் படுக்கையில் எனக்கு வேணும், எனக்கு வேணும் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய அதே வாய்தான், எசமானைக் கேட்காமல், ஒரு நொடியும் தாமதிக்காமல், அந்தச் சிரிப்பையும் சேர்த்துச் சொல்லிவிட்டது. “சரி,” என்று அந்தப் பெண் பையை மடித்து மூடினாள், ஒரு வருத்தமும் இல்லாமல், ஒரு கோபமும் இல்லாமல், மழையைப் பார்த்துக்கொண்டு தன் பணிஸை மென்றாள். மணம் மட்டும் நின்றது. பணிஸுக்கே இப்படியென்றால். இன்னும் சில தரிப்புகள்தான். வாய் என்பது தன் சொந்த உறுப்பு என்று இத்தனை வருடமும் நம்பியிருந்தாளே, அது செல்லத்துரையின் உறுப்பு, படலையில் நிறுத்திப் பழக்கிய உறுப்பு, தகப்பன் செத்தும் அது அவர் சொல்லைத்தான் கேட்கிறது. சூல்வெய் கதவைத் திறப்பாள், காலை வணக்கம் என்பாள், இவள் எனக்கு என்று தொடங்குவாள், வாய் முந்திக்கொண்டு, எனக்கு எல்லாவற்றுக்கும் நன்றி, போய்வருகிறேன் என்று முடித்துவிடும்.

இன்னொரு கோணத்தில் பார்த்தால் இவர்களைக் குறைசொல்லவும் முடியாது. சொன்னதை நம்புகிறார்கள், அதிலென்ன பிழை? தெருவோரத்தில் ஆளில்லாத மேசையில் முட்டையும் உண்டியலும் வைத்துவிட்டுப் போகிறவர்கள். ஆனால் எல்லாவற்றையுமா நம்பினார்கள்? நகுலேசன் அவளை நோர்வேக்குக் கூப்பிட்ட காலத்தில் அவனை ஒரு அறையிலும் அவளை வேறொரு நாட்டில் வேறொரு அறையிலும் வைத்து, இந்தக் கலியாணம் உண்மையா என்று கேட்டார்கள், உண்மை என்றாள், வேறு மாதிரிக் கேட்டார்கள், உண்மைதான் என்றாள், மாப்பிள்ளை வீட்டுக் கிணறு வீட்டுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னபோது திரும்பத் திரும்பக் கேட்டவர்கள், நேற்று அவள் வாழ்க்கையிலேயே பெரிய பொய்யைச் சொன்னபோது ஒரே தரத்தில் நம்பிவிட்டார்கள். இது நியாயமா? அவளுக்குச் சிரிப்பு வந்தது, பக்கத்துப் பெண் திரும்பிப் பார்த்தாள், தவமலர் சிரிப்பை இருமலாக மாற்றினாள். ஊரில் பொய் சொல்வது விருந்தாளியின் கடமை, அதை நம்பாமல் இருப்பது வீட்டுக்காரரின் கடமை. இரண்டு பேரும் தங்கள் தங்கள் கடமையைச் செய்தால் யாரும் பட்டினி கிடக்கமாட்டார்கள், யார் மானமும் போகாது. இடம்பெயர்ந்து வவுனியா முகாமில் கூடாரத்துக்குள் இருந்தபோது பக்கத்துக் கூடாரத்து மனுசி, பெயர்கூடத் தெரியாது, ஒரு நாள் சோற்றுப்பானையோடு வந்து நின்றாள். “சாப்பிட்டாச்சோ?” அம்மா சொன்னாள், “ஓமோம், இப்பதான் முடிஞ்சது.” அன்று அடுப்பே மூட்டவில்லை. அந்த மனுசி குளிர்ந்துபோன அடுப்பைப் பார்த்தாள், தவமலரைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. “எங்களுக்கு மிஞ்சிப்போச்சு அக்கா, கொட்டவும் மனமில்லை, நாய் நரி திண்டாலும் பாவம்,” என்று அவளும் தன் பங்குக்கு ஒரு பொய்யைச் சொல்லிப் பானையை வைத்துவிட்டுப் போனாள். இரண்டு பொய்க்கு நடுவில் ஒரு பானை சோறு. அதை எப்படிப் பெந்தேக்கு விளங்கப்படுத்துவது? உங்கள் வகுப்பில் எல்லாம் படிப்பித்தீர்கள், வரி கட்டுவது, குப்பை பிரிப்பது, குளிருக்கு எத்தனை அடுக்காய் உடுப்பது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதிக்கொள்வீர்கள் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. மீனுக்குத் தண்ணீரைப் பற்றி யார் சொல்வார்கள்?

மீன். இறங்க வேண்டிய தரிப்பு வந்துவிட்டது, இறங்கினாள், மழை முகத்தில் பட்டது, ஆய்வுகூடத்துக்குப் போகும் சரிவில் கடல் மணமும் டீசல் மணமும் கலந்து வந்தன. வவுனியா ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்து அவள் மனித இரத்தம் பார்த்தவள். மலேரியாக் காலத்தில் கண்ணாடித்தட்டுகள் மலைபோலக் குவியும், ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டின் காய்ச்சல். இங்கே அந்தப் படிப்புக்கு ஒரு பாடம் குறைகிறது என்றார்கள், அந்தப் பாடத்தைப் படிக்க வேறொரு படிப்பு வேண்டும் என்றார்கள், எல்லாம் மரியாதையாகத்தான் சொன்னார்கள், கடைசியில் பெந்தே தலையை மறுபக்கம் சாய்த்து, “மீன் பரவாயில்லையா?” என்றாள். முதல் நாள் சாமன் மீனின் இரத்தத்தை வைத்துக் குனிந்தபோது தவமலர் திடுக்கிட்டுப்போனாள். மனிதரின் செங்குழியம் நடுவில் குழிந்த வெறும் வட்டம், கரு இல்லாதது. மீனுக்கோ முட்டை வடிவம், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரு, பொட்டு வைத்ததுபோல. ஆயிரம் பொட்டு வைத்த முகங்கள் ஒரே நேரத்தில் அவளை நிமிர்ந்து பார்த்தன. அவள் அன்றைக்கே விழுந்துவிட்டாள், அந்தச் சின்ன முகங்களுக்கு. கண்ணைக் கண்ணாடியில் வைத்தால் அங்கே உச்சரிப்பு இல்லை, இந்த மொழியுமில்லை அந்த மொழியுமில்லை, வேணுமா வேண்டாமா இல்லை. இருப்பது இருக்கிறது, இல்லாதது இல்லை. அந்த இடம் வேண்டும். சம்பளமும் வேண்டும்தான், ஏன் வேண்டாம், நகுலேசன் விடிய முன் எழுந்து ஓட்டுகிற மேலதிக ஓட்டத்தை விடலாம், ஆனால் அது மட்டுமல்ல. சன்னலோர மேசை, அந்த உயரக் கதிரை, கண்ணில் கண்ணாடியின் குளிர் படுகிற அந்த முதல் நொடி. அது போய்விட்டால் மறுபடியும் பெந்தே, மறுபடியும் பழச்சாறு, மறுபடியும் எங்கோ ஒரு கடையில் உடுப்பு மடிப்பது. வேண்டாம். அட, வேண்டாம் என்ற சொல் இப்போது சரியான இடத்தில் வருகிறதே, பார்த்தாயா, இந்தச் சொல்லை எங்கே சொல்ல வேண்டும் என்று வாய்க்குத் தெரியாமலில்லை.

கதவு பூட்டியிருந்தது. வேலை செய்கிறவர்களிடம் அட்டை இருக்கும், காட்டினால் கதவு திறக்கும். பயிற்சிக்கு வருகிறவர்கள் மணியை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். அழுத்தினாள். உள்ளே யாரோ நடந்து வரும் நிழல், கண்ணாடிக்குப் பின்னால் நரைத்த கூந்தல், சூல்வெய்தான், சப்பாத்தில்லாமல் தடித்த சாம்பல் கம்பளிக் காலுறையோடு வந்து கதவைத் திறந்தாள். “காலை வணக்கம். உள்ளே வா, நனைகிறாய்.” தவமலர் உள்ளே வரவில்லை. வந்தால் மேலங்கியைக் கழற்ற வேண்டும், கழற்றினால் காலநிலையைப் பற்றிப் பேச வேண்டும், பேசினால் வாய் பழைய தடத்தில் போய்விடும். “நேற்று நான் சொன்னது பொய்,” என்றாள். சூல்வெய்யின் புருவம் உயர்ந்தது. “எங்கள் ஊரில் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். அது மரியாதை. எனக்கு இந்த வேலை வேணும். எனக்கு மிகவும் வேணும்.” சொல்லிவிட்டாள். வானம் இடியவில்லை. காது மட்டும் சுட்டது, நெருப்பில் காட்டியதுபோல. சூல்வெய் வாசற்படியில் இறங்கி மழைக்குள் வந்து நின்றாள், காலுறையோடு. “உனக்கு மீன் போதாது என்று நினைத்தேன்,” என்றாள் மெதுவாக. “மனிதர்களைப் பார்த்தவள் நீ. எங்கள் சாமன் உனக்குக் கேவலமாக இருக்கிறது, சொல்லத் தயங்கிச் சிரிக்கிறாய் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொல்லிச் சொல்லிப் புலம்பினேன். பாவம், அவர் காற்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்.” “என் கணவரும் பாவம்,” என்றாள் தவமலர், “கறி எரிந்துவிட்டது.” இருவரும் சிரித்தார்கள். சூல்வெய் நெற்றியில் வழிந்த மழையைத் துடைத்தாள். “இன்னும் ஒருவரிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை. இடம் இருக்கிறது. ஆனால் அரை வேலைதான், கோடை முடியும்வரை. மேலே இயக்குநரிடம் சண்டை பிடித்து அவ்வளவுதான் வாங்க முடிந்தது.” அரை வேலை. போதும், அதுவே பெரிய விஷயம், உங்களுக்கு ஏன் வீண் சிரமம், வார்த்தைகள் பல்லுக்குப் பின்னால் வரிசையில் வந்து நின்றுவிட்டன, சிரிப்பும் ஆயத்தம். தவமலர் உதட்டைக் கடித்தாள். மழை கழுத்துக்குள் இறங்கியது. “முழு வேலை வேணும்,” என்றாள். சூல்வெய் அவளை நன்றாகப் பார்த்தாள், புதிதாக வந்த ஒரு ஆளைப் பார்ப்பதுபோல. “அதை நான் தீர்மானிக்க முடியாது. மேலேதான் கேட்க வேண்டும்.” “கேட்போம்.” “இப்போதேயா?” “இப்போதே.” சூல்வெய் கதவை அகலத் திறந்து பிடித்தாள். நடைகூடத்தின் முடிவில் இயக்குநரின் அறைக்கு ஏறும் மாடிப்படி. அங்கே போய்ச் சேர்ந்ததும் அவள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள், சாம்பல் காலுறையிலிருந்து தரையில் ஈரம் கசிந்தது. நீங்கள் முதலில் போங்கள் என்று சொல்வதற்குத் தவமலரின் கை அரைவாசி நீண்டுவிட்டது. கையை மடக்கி மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டு, அவள் முன்னால் ஏறினாள்.